பதினைந்துக்குப் பதினைந்து

என் மூளைக்கு வயது நாற்பத்தொன்று என்று ஓர் ஆராய்ச்சி நிலையமே மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தது. நம்ப ஆரம்பித்தபோது எனக்கு ஐம்பத்தேழு. நம்ப வைத்தவன் நான்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது மூன்று வருடம் தாக்குப்பிடித்தது என்றால் நான் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் லட்சணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் அவசரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது முதுமையை ஆராயும் இடம். உடம்புக்கு ஏன் வயதாகிறது, மூளைக்கு ஏன் வயதாகிறது, ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் மாடிப்படியைத் தாவி ஏற, இன்னொருவர் ஏன் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார், இவைதான் அங்கே கேள்விகள். கட்டடம் மூன்று தளம். கீழ்த்தளத்தில் எலிகள். எலிக்கு இரண்டரை வருடத்தில் கிழப்பருவம் வந்துவிடும் என்பதால் விஞ்ஞானிகளுக்கு அதன்மேல் தனிப் பாசம். அரை வயிறு சாப்பிடும் எலி முழு வயிறு சாப்பிடும் எலியைவிட அதிக நாள் இருக்கிறதா என்று தினமும் எடை போட்டு எழுதுவார்கள். அப்படி எழுதுகிறவர்கள் பதினொன்றரைக்கே கேன்டீன் வாசலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நடுத்தளத்தில் ரத்தம் அடைத்த குப்பிகளும் குளிர்பதனப் பெட்டிகளும். மேல்தளத்தில் மனிதர்கள். என் இடம் மேல்தளம்.

நான் விஞ்ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் அறிவியலுக்கும் பள்ளியிலேயே ஏழாம் பொருத்தம். நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலைக்கு மனுப்போட்டவன். குரலைக் கேட்ட அதிகாரி, "தெளிவாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொன்னா ரயில் வருதா, கவுந்துடுச்சான்னு ஜனங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த மாதமே இங்கே ஆள் எடுத்தார்கள். இவர்களுக்கு வேண்டியதோ, உணர்ச்சியில்லாமல், ஏற்ற இறக்கமில்லாமல், வினாடிக்கு ஒரு சொல் வீதம் வாசிக்கத் தெரிந்த ஆள். ஒரு சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படித்துவிட்டால் அது மட்டும் கேட்பவர் மனதில் ஒட்டிக்கொள்ளும், கணக்கு கெட்டுவிடும். அங்கே கழித்துக்கட்டிய அதே குரலுக்கு இங்கே வேலை கிடைத்தது. இருபத்துநாலு வருடம் வாசித்தேன்.

தானாக முன்வரும் பெரியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள். ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்வோம், ஆறு மீட்டர் நடக்கச் சொல்வோம், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வோம். அதெல்லாம் உடம்புக்கு. மூளைக்கு என் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஜன்னல் கிடையாது. சுவரில் காலண்டரோ கடிகாரமோ மாட்டக் கூடாது, தேதி கேட்டால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அங்கே உட்கார வைத்துப் பதினைந்து சொற்களை வாசிப்பேன். "கதவு. பசு. சீப்பு. மழை. ஆணி." இப்படியே போகும். நினைவில் இருப்பதை அவர்கள் உடனே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இருபது நிமிடம் வேறு வேலை கொடுப்பேன்: கடிகாரம் வரையுங்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள் என்று. அதன் பிறகு, "முதல்ல படிச்ச சொல்லெல்லாம் இப்ப எத்தனை ஞாபகம் இருக்கு?" என்று கேட்பேன். சொன்னவுடன் திருப்பிச் சொல்வதைக் கிளிகூடச் செய்யும். இருபது நிமிடம் கழித்துச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது.

பட்டியல் மூன்று இருந்தது. வருகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் படிப்போம். மூன்றாவது பட்டியல் மற்ற இரண்டையும்விடச் சுலபமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதற்குள் நான் அதைச் சில ஆயிரம் முறை வாசித்திருந்தேன்.

எங்கள் மேல்தளத்துக்குத் தலைமை டாக்டரம்மா. பெரிய படிப்பு, சின்ன உருவம், எப்போதும் வேகநடை. ஒரு நாள் என் அறைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கற ஆம்பளைங்க யாருமே வர மாட்டேங்கறாங்க. பயந்தவங்கதான் வர்றாங்க. ஐம்பத்தஞ்சு தாண்டின ஆரோக்கியமான ஆள் ஒருத்தர் குறையுது. நீங்க சேர்ந்துக்கறீங்களா?"

"நான் எப்படி டாக்டர்? வாசிக்கறதே நான்தானே?"

"மூணாம் பட்டியலை உள்ள வச்சு அஞ்சு வருஷமாச்சே. உங்களுக்கு மட்டும் அதை வச்சுப் பாக்கலாம். அதெல்லாம் உங்களுக்கு இப்ப ஞாபகம் இருக்காதில்ல?"

"சுத்தமா மறந்துபோச்சு டாக்டர்" என்றேன்.

மறதி இருப்பதாகப் பொய் சொல்லி ஞாபகசக்திக்குப் பெயர் வாங்கிய ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ஆனால் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பெரிய டாக்டர் என்னை ஆரோக்கியமான ஆள் என்று சொல்லிவிட்டாரே, அதில் தலைகால் புரியவில்லை. இரண்டொரு சொல் ஞாபகம் வந்தால் வரட்டுமே, என்ன குடிமுழுகிப்போகும் என்று நினைத்தேன்.

எனக்குச் சோதனை வைத்தவள் என்னுடன் வேலை பார்க்கும் பெண்மணி. நாற்பது வயது. நடைவேகம் அளக்கும் ஸ்டாப்வாட்ச் சாப்பிடும்போதுகூட அவள் கழுத்தில் தொங்கும். அதனால் எல்லோருக்கும் அவள் ஸ்டாப்வாட்ச்தான். அவள் "சாவி" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். வாத்து, தலையணை, பாலம், உப்பு என்று மிச்சப் பதினாலும் மடை திறந்தாற்போல் வந்து நின்றன, அவள் வாய் திறக்கும் முன்பே. நியாயமாக நான் இரண்டு மூன்றை விட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு என் அகம்பாவம் இடம் கொடுக்கவில்லை. பதினைந்தையும் சொன்னேன். இருபது நிமிடம் கழித்தும் பதினைந்தையும் சொன்னேன், அதே வரிசையில்.

ஸ்டாப்வாட்ச் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. "சார், நான் வந்ததுலேர்ந்து இப்படி ஒருத்தரைப் பாத்ததே இல்ல!" என்றாள். சோதனைக்கு வருகிறவரின் வீட்டு ஆளையும் கூப்பிட்டு, இவருக்கு மறதி உண்டா, கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா என்று தனியாக விசாரிப்பது எங்கள் முறை. அந்தத் தாளை எடுத்தவள், "உங்களுக்கெல்லாம் இது எதுக்கு சார்" என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து நான் முந்நூற்றுப் பதினேழாம் எண். ஆய்வில் எல்லோருக்கும் எண்தான், பெயர் கிடையாது. வருடா வருடம் மற்ற எல்லோருடைய கோடும் வரைபடத்தில் மெல்லச் சரிய, முந்நூற்றுப் பதினேழு மட்டும் மேலே நேராகப் போனது. நடுத்தளத்திலிருந்து என் ரத்தத்தைக் கேட்டு வந்தார்கள். கேன்டீனில் என்னைச் சுற்றிக் கூட்டம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு பழக்கமும் இல்லாததால், கீழ்த்தளத்து எலிகளுக்கு என்ன கொடுக்கிறார்களோ அதையே என் சாப்பாட்டு முறையாக அளந்துவிட்டேன். அரை வயிறு, நேரம் தவறாமல், ராத்திரிக்கு ஒன்றும் இல்லை. கணக்குப் பிரிவுக்காரர் அதை நம்பிப் பட்டினி கிடந்து இரண்டாம் வாரம் மயங்கி விழுந்தார்.

வீட்டில் என் மனைவியிடம் சொல்லாத நாள் இல்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் மூக்கையும் காதையும் அளந்து சட்டம் பொருத்துவது அவள் வேலை. எதையும் அரை மில்லிமீட்டர் வரை பார்க்கும் கண் அவளுக்கு.

"என் மூளைக்கு நாற்பத்தொண்ணுதான் வயசாம்" என்பேன்.

"அப்ப ஷாம்பூ வாங்கிட்டு வந்தது யாரோட மூளை?" என்பாள்.

ஷாம்பூ விவகாரம் இதுதான். கடையில் வாங்க வேண்டியது நாலு சாமான். அந்த நாலையும் மறந்துவிட்டு, வீட்டில் ஏற்கெனவே பிரிக்காமல் மூன்று பாட்டில் இருக்கும் ஷாம்பூவை வாங்கி வந்தேன். அந்த மூன்று பாட்டிலையும் வாங்கியவன் யார் என்று கேட்காதீர்கள். இன்னொரு நாள் வெளியூரில் இருக்கும் மகளிடம் ஃபோனில் பேசும்போது, அங்கே மழையா என்று ஐந்து நிமிடத்தில் மூன்று முறை கேட்டேனாம். மகள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் சிரித்துத் தள்ளிவிட்டேன். கையில் பதினைந்துக்குப் பதினைந்து என்று எழுதிய தாள் இருக்கும்போது மனைவி பேச்சும் மகள் பேச்சும் எம்மாத்திரம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "உங்க ஆபீஸ்ல வர்றவங்களோட வீட்டு ஆளுங்களையும் கூப்பிட்டு விசாரிப்பீங்கன்னு சொல்வீங்களே. என்னை மட்டும் ஏன் யாரும் கூப்பிடல?"

"நல்லா இருக்கறவங்களுக்கு அதெல்லாம் தேவையில்ல."

"அப்படியா? சரி" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அப்போது எனக்குச் சுருக்கென்றது என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் அண்ணனுக்கு அறுபத்திரண்டில் ஆரம்பித்தது. முதலில் சாமான், பிறகு தேதி, பிறகு பேரன் பெயர். கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ரொம்ப நல்லவரா இருக்கீங்க. யார் வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்த பயம் அதன் பிறகு போகவே இல்லை. நான் அந்தச் சோதனையில் சேர்ந்ததற்கும் பதினைந்தையும் ஒப்பித்ததற்கும் அகம்பாவம் பாதிதான் காரணம். மீதி இதுதான். எங்கள் நிலையமே எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் அல்லவா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். பூனைக்காவது சொந்தக் கண். நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணையே பொத்தப் பார்த்தேன்.

மூன்றாம் வருடமும் பதினைந்துக்குப் பதினைந்து வந்ததும் டாக்டரம்மா என் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்து ஒரு வாரத்தில் எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். திரையில் என் மூளை. அதுவரை அதை வெளியிலிருந்து மட்டுமே மெச்சியிருந்தேன்.

மூளையின் அடிப்பக்கத்தில், வலதும் இடதுமாக, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பகுதி உண்டு. புதிதாகக் கேட்பதை எல்லாம் பதிய வைப்பது அதுதான். வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் வற்றும். மறதி நோய்க்காரர்களுக்கு ரொம்ப வற்றி, சுற்றிலும் கறுப்பாக இடைவெளி தெரியும். இருபத்துநாலு வருடத்தில் நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்தவன் நான். விஞ்ஞானம் தெரியாது, ஆனால் அந்தக் கறுப்பு தெரியும். என் படத்தில் அது இரண்டு பக்கமும் இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டரம்மா. அவர் முகம் மலர்ந்திருந்தது. "எழுபத்தஞ்சு வயசு நோயாளியோட மூளை மாதிரி சுருங்கியிருக்கு. ஆனா ஞாபகம் பதினைந்துக்குப் பதினைந்து! இவ்வளவு சேதத்தையும் தாங்கிக்கிட்டு இந்த மூளை வேலை செய்யுதுன்னா, இதுக்குள்ள என்னவோ ஒரு காப்பு இருக்கு. அது என்னன்னு நாம கண்டுபிடிச்சிட்டா எத்தனை லட்சம் குடும்பத்துக்கு உபயோகம்! அடுத்த அஞ்சு வருஷத் திட்டமே முந்நூற்றுப் பதினேழை வச்சுத்தான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் என்பார்களே, அதை அன்றுதான் அனுபவித்தேன். அந்த அறையில் என் நோயை அறிந்தவன் நான் ஒருவன்தான், அதைச் சொல்ல முடியாதவனும் நான் ஒருவன்தான். அந்த மூளையில் காப்பும் இல்லை, மண்ணும் இல்லை. சில ஆயிரம் முறை வாசித்துத் தேய்ந்த ஒரு பட்டியல் இருந்தது. வேறு வழி தெரியாமல் நானும் சேர்ந்து கை தட்டினேன்.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லிவிடுவோம் என்று தினமும் டாக்டரம்மாவின் அறை வரைக்கும் போவேன். அவர் திட்டத்தை எழுதிக்கொண்டிருப்பார். திரும்பிவிடுவேன். வீட்டில் மனைவி "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்பாள். "வயிறு" என்பேன். வயிற்றின் மேல் நான் போட்ட பழி கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் என்னைப் பேச வைத்தவர் ஒரு பழைய பஸ் டிரைவர். எழுபத்தாறு வயது. மறதிக்காரர்கள் பிரிவில் இருப்பவர். தன் வீட்டு விலாசத்தைச் சட்டைப்பையில் எழுதி வைத்திருப்பார். அன்று அவருக்கு முதல் பட்டியலை வாசித்தேன். அவர் நாலு சொல் சொன்னார். கடிகாரம் வரைந்தார். நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்த் திரும்பி வந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா வணக்கம். இப்ப பதினைஞ்சு சொல் படிக்கப்போறேன், கவனமா கேளுங்க. கதவு. பசு. சீப்பு" என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேசைக்கு மேல் குனிந்து, மெதுவாக, அடுத்தவர் காதில் விழக் கூடாது என்பதுபோல் சொன்னார்: "தம்பி, இதை இப்பதானே முடிச்சோம்."

கீழே பார்த்தேன். அவர் வரைந்த கடிகாரம் எங்கள் நடுவில் கிடந்தது.

"பரவால்ல தம்பி. எனக்கும் முதல்ல இப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்ல அவருக்கு ஞாபகம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து நேராக டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் பட்டியல், சுத்தமா மறந்துபோச்சு என்ற பொய், எலிச் சாப்பாடு, டிரைவர், எல்லாம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. எழுதி வைத்திருந்த தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். "உங்களுக்கு அந்தப் பட்டியலை வச்சுப் பாத்தது என் தப்பு. அந்தப் படத்தைப் பாத்ததும் நான் சந்தேகப்பட்டிருக்கணும். சந்தோஷப்பட்டேன்" என்றார். மேசைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பி, "திங்கக்கிழமை காலையில புதுப் பட்டியல் வச்சுப் பாத்துடுவோம். உங்க மனைவியையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அன்று மாலை மனைவியிடம், "திங்கக்கிழமை உன்னையும் வரச் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "லீவு போட்டுடறேன்" என்றாள்.

இத்தோடு நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மறுநாள் வெள்ளிக்கிழமை, ஸ்டாப்வாட்ச் புதுப் பட்டியலைத் தயார் செய்து தன் மேசை இழுப்பறையில் வைத்தாள். பூட்டவில்லை. என்னைச் சந்தேகிக்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் பதினைந்து சொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் காப்பியடித்துக்கொண்டேன். யாரை ஏமாற்ற? டாக்டரம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என்னையேதான் ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன் என்று இப்போது புரிகிறது. பதினைந்து சொல்லை இரண்டு நாளில் மனப்பாடம் செய்ய முடிந்தால் எனக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. "வயிறு இன்னும் சரியாகலையா?" என்று மனைவி வெளியிலிருந்து கேட்டாள். ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை, பதினைந்தையும் பார்க்காமல் சொன்னேன். ஆனந்தத்தில் சீட்டைக் கிழித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை என் அறையில், என் மேசையில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்க்க அந்த அறை ரொம்பச் சின்னதாக இருந்தது. ஸ்டாப்வாட்ச் வாசித்தாள். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, வினாடிக்கு ஒன்று. முதல் சொல்லைக் கேட்டதும் மிச்சம் மடை திறக்கும் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்பது போல இருந்தது. ஆறு சொன்னேன். கடிகாரம் வரைந்தேன். இருபது நிமிடம் கழித்து இரண்டு சொன்னேன். அதில் ஒன்று "வாத்து". அது மூன்றாம் பட்டியலில் உள்ளது.

டாக்டரம்மா ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போதும்" என்றார்.

"டாக்டர், இன்னொண்ணு சொல்லணும்" என்றேன். "இந்தப் பட்டியலை நான் வெள்ளிக்கிழமையே எடுத்துப் பாத்துட்டேன். ரெண்டு நாளா உக்காந்து மனப்பாடம் பண்ணினேன்."

ஸ்டாப்வாட்ச் பேனாவைக் கீழே வைத்தாள். டாக்டரம்மா கண்களை மூடித் திறந்தார். காப்பியடித்து முதல் வகுப்பில் தேறியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காப்பியடித்தும் ஃபெயிலானவனை அன்று அவர்கள் நேரில் பார்த்தார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் மட்டும் சிரிக்கப் பார்த்தேன், அது பாதியில் நின்றுவிட்டது.

பிறகு என் மனைவியை உள்ளே கூப்பிட்டார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா என்னிடம்தான் கேட்டார்: "மறதி இருக்குன்னு நீங்களே முதல்ல எப்ப கவனிச்சீங்க?"

நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன்.

எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. ஒருவரிடம் அவரைப் பற்றியே ஒரு கேள்வி கேட்கும்போது, பதில் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாரா? பார்த்தால் ஒரு டிக் போட வேண்டும். அவர் ஞாபகம் அடுத்தவர் தலைக்குக் குடிபோய்விட்டது என்று அர்த்தம். எத்தனையோ கணவன்மார்களுக்கு, மனைவிமார்களுக்கு நான் அந்த டிக்கைப் போட்டிருக்கிறேன். ஸ்டாப்வாட்ச் அந்தக் கட்டத்துக்கு நேராகப் பேனாவைப் பிடித்தபடி போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போடும்மா" என்றேன். போட்டாள்.

என் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு வருஷம் மூணு மாசம் ஆச்சு டாக்டர். ஒரு நாள் சாயங்காலம் என் கடைக்கு ஃபோன் பண்ணினார். நம்ம வீட்டுக்கு எந்த ஸ்டாப்ல இறங்கணும்னு கேட்டார். விளையாட்டுக்குக் கேக்கற மாதிரி சிரிச்சுக்கிட்டே கேட்டார். வீட்டுக்கு வந்ததும், அப்படிக் கேட்டதே அவருக்கு ஞாபகம் இல்ல. மறுநாளே முதலாளிகிட்ட சொல்லி என் நேரத்தை மாத்திக்கிட்டேன்."

அந்த இரண்டு வருடமாக அவள் தினமும் சாயங்காலம் எங்கள் கட்டடத்துக்கு எதிரில் உள்ள பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். கேட்டால், இந்தப் பக்கம் காய்கறி நன்றாக இருக்கிறது என்பாள். இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். எப்போதும் அவள்தான் முதலில் எழுந்து இறங்குவாள். "இத்தனை வயசாகியும் என்னைப் பிரிஞ்சு ஒரு சாயங்காலம் இருக்க மாட்டா" என்று நான் கேன்டீனில் பீற்றிக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "ரெண்டு வருஷமா தெரிஞ்சும் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று அவளைக் கேட்டேன்.

"சொன்னா நீங்க பயந்துடுவீங்க" என்றாள். "வீட்டுல ஒருத்தர் பயந்தா போதாதான்னு நினைச்சேன்."